படுத்துக் கிடந்த அணை

எங்கள் ஊர்க்காரர்கள் உரக்கப் பேசுகிறவர்கள் என்று உங்களில் பலர் என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள், உள்ளே ஏதோ சண்டை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. காவிரிக்குக் குறுக்கே கிடந்த எங்கள் அணையின் இரைச்சலுக்கு மேலே குரலை எழுப்பிப் பழகியவர்கள் நாங்கள். ஆறு அந்தக் கற்களின் மேல் ஏறி மறுபக்கம் விழுகிற ஓசை, விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் எங்கள் காதுக்குள் இருந்தது. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கு அமைதி என்றால் என்னவென்று தெரியாது.

மேட்டூரில் அணை கட்டி முடித்துத் தண்ணீரைத் தேக்கத் தொடங்கிய காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் விடியும் நேரத்தில் எங்கள் ஊர் முழுதும் ஒன்றாக விழித்துக்கொண்டது. இரைச்சல் நின்றுபோயிருந்தது. கைக்குழந்தைகள் அழுதன. மாடுகள் எழுந்து நின்று காதை ஆட்டின. என் அம்மா முற்றத்துக்கு வந்து எங்கய்யனிடம், "என்னமோ ஆயிப்போச்சாட்ட இருக்குதுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னதாக அவள் நினைப்பு. நாலு வீடு தள்ளி இருந்தவர்கள், "ஏனுங்க, என்ன ஆச்சு?" என்று பதில் கேட்டார்கள். அன்று முழுவதும் ஊரில் யாரும் எதையும் மறைத்துப் பேச முடியவில்லை.

எங்கய்யன் என்று நான் சொல்வது என் அப்பாவைத்தான். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

எல்லோரும் ஆற்றுக்கு ஓடினோம். கரையில் போய் நின்று பார்த்தால் ஆறு இல்லை. அக்கரை வரைக்கும் மணலும் பாறையும். அங்கங்கே தேங்கிய குட்டைகளில் மீன்கள் முதுகு தெரியத் துள்ளின. கொக்குகள் எதைக் கொத்துவது என்று தெரியாமல் நின்றன. ஒரு நீர்நாய் தன் குட்டிகளோடு ஒரு பாறைமேல் ஏறி, எங்களைப் போலவே நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் அணையைப் பார்த்தோம். அதுவரைக்கும் அணை என்றால் எங்களுக்கு நுரைக்கு நடுவே தெரியும் ஒரு கறுப்புக் கோடுதான். இப்போது அது முழு உடம்போடு கிடந்தது. மேலே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். தண்ணீர் விழுகிற பக்கம் படிப்படியாக இறங்கி, இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய் மணலுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு கல்லும் படுத்த எருமை அளவு. சுண்ணாம்புக் காரை எங்கும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. எத்தனையோ தலைமுறையாக ஆறு தேய்த்த படிகள் தொட்டால் வழவழவென்று, உள்ளங்கையைத் தொடுகிற மாதிரி இருந்தன.

இதை யார் கட்டினது என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எந்தக் காலத்துப் பாளையக்காரரோ என்பார்கள். கூட்டத்தில் இருந்த ஆண்களில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் அப்படி நின்று நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து ஊர் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. தொலைந்துபோனவையெல்லாம் அங்கே இருந்தன. மாட்டுக் கழுத்து மணி, பரிசல் துடுப்பு, ஒற்றைத் தண்டை, ஒரு அம்மிக் குழவி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, புதுப்பெண்ணாக வந்த காலத்தில் ஆற்றோடு விட்ட செம்புக் குடத்தை ஒரு பாறை இடுக்கிலிருந்து இழுத்து எடுத்தாள். குடம் ஆற்றில் போனதை அவள் மாமியார் கடைசிவரை நம்பவே இல்லை. பிறந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மா குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தெருவோடு எடுத்துப் போனாள். காட்டுவதற்கு மாமியார் இல்லை. ஆனாலும் அந்தக் குடத்தை அவள் வாசலில்தான் வைத்திருந்தாள், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கட்டும் என்று.

இனி அந்த அணையின் சாய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஆற்றுக்கு நேர்குறுக்கே போகவில்லை. அக்கரையில் மேலே தள்ளித் தொடங்கி, கோணலாக வந்து, எங்கள் கரையில் கீழே, வாய்க்கால் பிரிகிற இடத்தில் முடிந்தது. கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்குகிற ஆள் மாதிரி. அந்த வாய்க்கால்தான் எட்டு ஊருக்குச் சோறு. நெல்லும் வாழையும் போக, எங்கள் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் அதிகம். வெற்றிலைக் கொடி கைக்குழந்தை மாதிரி. ஒரு வாரம் ஈரம் இல்லாவிட்டால் சுருண்டுவிடும். புதிதாக வைத்து அகத்தி மரத்தில் ஏற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும்.

வாய்க்காலைக் காவல் பார்த்தவள் ஒரு பெண். அவள் புருஷன் பார்த்த வேலை அது. அவன் காய்ச்சலில் போனபிறகு வேறு ஆளைப் போடலாம் என்று ஊரில் பேசி முடிப்பதற்குள், அந்த வருஷத்து வெள்ளத்தில் மதகுப் பலகைகளை அவளே தனியாக இறக்கிவிட்டிருந்தாள். அதன்பிறகு யாரும் வேறு ஆளைப் பற்றிப் பேசவில்லை. வாய்க்கால்காரி என்றே கூப்பிடுவோம். தண்ணீர் கணுக்காலுக்கு ஓடும்போதும் அணையின்மேல் கைகளை விரித்துக்கொண்டு அக்கரைவரை நடந்து போவாள். எந்தக் கல் எப்படி இருக்கிறது என்று அவள் பாதத்துக்குத் தெரியும்.

எங்கய்யன் அந்த எட்டு ஊர் விவசாயிகளில் சொல்லுக்கு மரியாதை உள்ளவர். தண்ணீர் நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் மேட்டூர் போய்ப் புது அணையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்த அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "மலைக்கும் மலைக்கும் நடுவுல நெட்டுக்குத்தலா நிக்குது. நாமெல்லாம் நாலு கல்ல அடுக்கி வெச்சுட்டு அணை அணைன்னு சொல்லிட்டுத் திரியறோம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த வெட்கம்தான் சிமிட்டிக்காரரை ஊருக்குள் கொண்டுவந்தது. மேட்டூர் வேலையில் மேஸ்திரிகளோடு இருந்து கற்றுக்கொண்டவர். அங்கே வேலை முடிந்ததும் சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்ய வந்திருந்தார். தெற்கத்தி ஆள், சின்ன வயசு, காக்கி அரைக்கால்சட்டை. ஊரில் அவர் பேர் யாருக்கும் வாயில் நுழையவில்லை, சிமெண்டைச் சிமிட்டி சிமிட்டி என்றே அவர் பேசிக்கொண்டிருந்ததால் சிமிட்டிக்காரர் ஆகிவிட்டார். எங்கய்யனும் இன்னும் நாலைந்து பேரும் அவரைக் கூட்டிவந்து ஆற்றைக் காட்டினார்கள்.

அவர் இரண்டு நாள் கயிறு பிடித்து அளந்தார். பிறகு சொன்னார்: "கோணலா வெச்சதுல நீளம் வீணாப் போயிருக்கு. பழைய ஆளுங்க கயிறு பிடிக்காம கட்டியிருப்பாங்க, இல்லேன்னா ஆறு தள்ளித் தள்ளி இப்படிப் போயிருக்கும். இந்தக் கல்லையே பிரிச்சு உடைச்சு, சிமிட்டி போட்டு நேரா ஒரு சுவர் எழுப்பினா இதுல பாதி நீளம் போதும். ஒழுகாது. ஆறு காஞ்சு கெடக்கிற இந்த ஒரு மாசத்துல முடிச்சிரலாம்."

வாய்க்கால்காரி கூட்டத்துக்கு வெளியே மணலில் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்: "சாமி, அது படுத்துக் கெடக்கறதுனாலதானுங்க ஆறு அதும்மேல தாண்டிப் போவுது. நிக்க வெச்சா முட்டுமுங்க."

எங்கய்யன் சிரித்தார். "மேட்டூர்ல நிக்க வெச்சுத்தான கட்டியிருக்கறாங்க? அங்க முட்டலியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சாமி. இந்த எடத்துத் தண்ணி எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சத வெச்சுட்டு மதகப் பாரு போ" என்றார் எங்கய்யன்.

கடுமையாகச் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவிடமும் இப்படித்தான் பேசுவார், ஒரு குழந்தையைத் தள்ளி உட்காரச் சொல்வது மாதிரி. அவர் கெட்டவர் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். நல்லது செய்ய அவசரப்படுகிறவர்கள் யாருடைய பேச்சையும் முழுதாகக் கேட்பதில்லை என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது, அதுவும் நானே அப்படிச் சில காரியங்கள் செய்தபிறகு.

அக்கரைப் பக்கத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார்கள். கடப்பாரையும் நெம்புமரமும் வடக்கயிறும் ஆறு ஜோடி மாடும். முதல் கல்லை அசைக்கவே ஒரு முழு நாள் ஆயிற்று. அது ஏன் என்று கல் வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது. ஒரு கல்லின் பக்கவாட்டில் இருந்த புடைப்பு பக்கத்துக் கல்லின் குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. முதல் கல் வந்தபின் மற்றவை கொஞ்சம் எளிதாக வந்தன. நாலு நாளில் இருபது கல் போல வெளியே இழுத்து மணலில் போட்டார்கள். அதில் ஒன்றைச் சம்மட்டியால் அடித்து ஜல்லியாக்கினார்கள். உடைந்த இடம் உள்ளே நீலமாக மின்னியது. எனக்கு ஏனோ பார்க்கப் பிடிக்கவில்லை.

அணையில் பத்துப் பதினைந்து முழ அகலத்துக்கு வாய் திறந்துவிட்டது. அதன் அடியில் மரம் இருந்தது. நாவல் மரக் கட்டைகள், நெருக்கமாக, ஆற்றின் போக்கிலேயே படுக்க வைத்திருந்தார்கள். அவற்றின்மேல்தான் அவ்வளவு கல்லும் உட்கார்ந்திருந்தது. சிமிட்டிக்காரர் குழிக்குள் இறங்கி ஒரு கட்டையைப் பேனாக்கத்தியால் சீவினார். மேல்கறுப்பு போனதும் உள்ளே சிவப்பாக, அன்றைக்கு வெட்டினது மாதிரி இருந்தது. சீவல்களை எங்களுக்கெல்லாம் முகரக் கொடுத்தார். நாவல் வாசனை. என் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கு முன் வெட்டின மரத்தின் வாசனை என் மூக்குக்குள் போயிற்று.

அவர் வெகுநேரம் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மேலே வந்து எங்கய்யனிடம், "ரெண்டு நாள் வேலைய நிறுத்தி வெப்போமுங்களா? கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்.

"ஆரம்பிச்ச பொறவு என்னங்க யோசனை?" என்றார் எங்கய்யன்.

யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. அன்று மத்தியானமே மணியக்காரரின் ஆள் சைக்கிளில் வந்தான். மேற்கே மலையில் மழை கொட்டுகிறது, மேட்டூரில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள், நாளை மறுநாள் பொழுது சாய்வதற்குள் இங்கே வந்துவிடும், ஆற்றுக்குள் ஆளோ மாடோ இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

எங்கய்யன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திறந்து கிடக்கிற வாய் வழியாக ஆறு முழுதும் அக்கரையோரம் போய்விடும். வாய்க்காலுக்கு ஒரு சொட்டு ஏறாது. அதுமட்டுமில்லை, ஒருமுறை ஆறு அந்த வழியில் புகுந்துவிட்டால் மிச்ச அணையையும் பக்கத்திலிருந்து உரித்துக்கொண்டே வரும். எட்டு ஊர்.

"திருப்பி வெச்சிரலாமுங்க" என்றார் சிமிட்டிக்காரர்.

திருப்பி வைக்கப் பார்த்தார்கள். அன்று மாலை வரையிலும் மறுநாள் காலையிலும் எட்டு ஊர் ஆட்களும் மாடும் சேர்ந்து பார்த்தார்கள். ஒரு கல் உட்காரவில்லை. எந்தப் புடைப்பு எந்தக் குழிக்கு என்று யாரும் குறித்து வைக்கவில்லை. இழுத்த இழுப்பில் கற்கள் திரும்பிக் கிடந்தன. ஒரு கல்லை உருட்டிக் கொண்டுபோய் இறக்கிப் பார்த்து, பொருந்தாமல் மறுபடி வெளியே இழுப்பதற்குள் மாடுகள் நுரை தள்ளின. வாய்க்கால்காரிக்கு மேல்முகம் தெரிந்த கற்கள் நாலைந்து இருந்தன. அவற்றைக் காலால் தடவி, "இது மொதோ கல்லு. இது மூணாவது" என்று காட்டினாள். அடிக் கற்களை அவளும் பார்த்ததில்லை.

அந்த மத்தியானம் என் அம்மா மற்றப் பெண்களோடு கம்மஞ்சோறும் மோரும் கொண்டுவந்தாள். நானும் கூட வந்தேன். மோர்ப்பானையை ஒரு கல்லின்மேல் வைத்தாள். கல் சரிவாக இருந்திருக்க வேண்டும், பானை சாய்ந்து மோர் கொட்டிவிட்டது. அம்மா பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மோர் போகாமல் கோடுகோடாக நின்றது. வெள்ளைக் கோடு. ஒரு கண், ஒரு செவுள், செதில் நாலு வரிசை. அத்தோடு கல் முடிந்துவிட்டது.

பாதி மீன்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, ஒவ்வொரு கல்லாகப் போய்க் குனிந்து, சேற்றைக் கையால் வழித்துப் பார்த்தாள். ஏழெட்டுக் கல் தள்ளி, சிமிட்டிக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்திருந்த கல்லின் பக்கவாட்டில் கை நின்றது. என்னைக் கூப்பிட்டாள். "அம்மணி, இங்க தொட்டுப் பாரு." தொட்டேன். வால் இருந்தது.

என் அம்மா ஆண்கள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. அவர்கள் இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று என்னைத்தான் அனுப்புவாள். அன்று என்னை அனுப்பவில்லை. மண் அப்பிய கையோடு நடந்துபோய், எங்கய்யன் முன்னால் நின்று, "ஏனுங்க, சித்தெ வந்து பாருங்க. கல்லுக்கெல்லாம் அடையாளம் போட்டு வெச்சிருக்கறாங்க" என்றாள்.

"இப்பத்தானா நீ வேற..." என்று எங்கய்யன் தொடங்கினார்.

"வந்து பாருங்கன்னு சொல்றேன்."

உரக்கச் சொன்னாள். இரைச்சல் இல்லாத ஆற்றில் அக்கரைவரை கேட்டது. எங்கய்யன் எழுந்து வந்தார்.

வெற்றிலை விளைகிற ஊரில் சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்? ஆணும் பெண்ணும் இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பிகளை எடுத்துக் கற்களின் பக்கவாட்டில் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க உருவங்கள் எழுந்து வந்தன. பாதி ஆமை. பாதிக் குத்துவிளக்கு. பாதி ஏர். பாதி நிலா. ஒரு பல்லியின் தலை ஒரு கல்லில், உடம்பு இன்னொரு கல்லில். இரண்டு கல் சேருகிற முகத்தில், வெளியே யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு உருவத்தைச் செதுக்கிப் பாதி பாதியாகப் பிரித்திருந்தார்கள்.

சிமிட்டிக்காரர் ஆமையின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "கட்டுறவனுக்கு இது தேவையே இல்லை," என்றார். "அவனுக்கு எது எங்கேன்னு தெரியும். பின்னால பிரிக்கிறவனுக்காகப் போட்டிருக்கான். என்னைக்காவது ஒருத்தன் வந்து பிரிப்பான், பிரிச்சுட்டு முழிப்பான்னு தெரிஞ்சிருக்கு." அவர் கண் கலங்கியிருந்தது. வெயிலில் அத்தனை வெள்ளை உருவங்களும் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. எப்போதோ செத்துப்போன மனிதர்கள் எங்கள் ஊர்க்காரர்களிடம் பேசுகிறார்கள் என்று தோன்றியது, அதுவும் கோபமில்லாமல்.

அதன்பிறகு நடந்ததை வேலை என்று சொல்வதா திருவிழா என்று சொல்வதா? வாய்க்கால்காரி, அணையில் திறந்திருந்த வாயின் ஓரத்தில் நின்று கூப்பிட்டாள். "மீன் கொண்டாங்க." மீன் போயிற்று. "விளக்கு." விளக்கு போயிற்று. உருவம் உருவத்தோடு சேர்ந்ததும் கல் தானே அசைந்து, ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு உட்கார்ந்தது. என் அம்மாவும் மற்றப் பெண்களும் அடுத்தடுத்த ஜோடிகளைத் தேடிக் கொடுத்தார்கள். பொழுது இறங்கும்போது பாதி முடிந்திருந்தது. அடுத்த நாள் விடிந்ததும் மறுபடி தொடங்கி, உச்சி சாய்ந்தபோது ஒரே ஒரு கல் தவிர எல்லாம் உள்ளே போய்விட்டன.

அந்த ஒன்று ஜல்லியாகக் கிடந்தது. அந்த இடத்தைச் சாக்கில் களிமண் அடைத்து, பனந்துண்டும் வைக்கோலும் வைத்து இறுக்கினார்கள். எங்கய்யனும் சிமிட்டிக்காரரும் குழிக்குள் நின்று சாக்குகளை முதுகால் நெம்பிக்கொண்டிருந்தபோது காற்று மாறியது.

ஆறு வருவதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? முதலில் புழுதி நனைந்த வாசனை வந்தது. மணலில் இருந்த பறவைகளெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. பிறகு மேலே வளைவில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அது வேகமாக வரவில்லை. ஒரு முழம் உயரத்துக்கு நுரையும் சருகும் குச்சியுமாக, ஒவ்வொரு குழியையும் நிரப்பி நிரப்பி, வீடு திரும்புகிறவர் அறை அறையாகப் பார்ப்பது மாதிரி வந்தது. அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்.

"மேல வாங்க சாமி, போதும், மேல வாங்க" என்று வாய்க்கால்காரி கத்தினாள். எங்கய்யன் வரவில்லை. இன்னொரு சாக்கைக் கேட்டார். தண்ணீர் அணையின் அக்கரை முனையைத் தொட்டது. வாய்க்கால்காரி குனிந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் காலத்தில் அவள் எங்கய்யன் கையைத் தொடுவதென்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி வந்தார். சிமிட்டிக்காரரை இன்னும் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

எல்லோரும் இக்கரைக்கு ஓடி வந்து திரும்பிப் பார்த்தோம். ஆறு அணையில் மோதவில்லை. மோதும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது கல்லைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பி, அந்தச் சாய்வோடு சாய்வாக, கையைப் பிடித்துக் கூட்டிவருவது மாதிரி எங்கள் கரைக்கு வந்தது. வந்து, நேராக வாய்க்கால் வாய்க்குள் நுழைந்தது. வாய்க்கால் நிரம்பினபிறகுதான் மிச்சத் தண்ணீர் மெதுவாக உயர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மட்டமாகக் கற்களைத் தாண்டியது. சாக்கு வைத்த இடத்தில் மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குக் கலங்கலாகப் பீறிட்டது. ஆனால் அடைப்பு தாங்கிக்கொண்டது.

சிமிட்டிக்காரர் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார். "கோணல்னு சொன்னேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மன்னிப்பு கேட்கிற பழக்கம் எங்கய்யனுக்கு இல்லை. ஆனால் அதற்குப்பின் எட்டு ஊர்ப் பேச்சு எங்கே நடந்தாலும், "வாய்க்கால்காரி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். வீட்டில், அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அதை அம்மா கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தேன்.

உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல்லை, அடுத்து ஆறு வற்றிய கோடையில் வைத்தார்கள். சிமிட்டிக்காரரே கேட்டுக்கொண்டு மறுபடி வந்தார். சிமிட்டி கொண்டுவரவில்லை, இரண்டு கல்தச்சர்களைக் கூட்டிவந்தார். சாக்குகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் பக்கத்துக் கல்லின் முகத்தில் ஒரு பெண் இருந்தாள். பாதிப் பெண். தலையில் கூடை, கூடையில் மண், அதைப் பிடித்த ஒரு கை, ஒரு கால். அணை கட்ட மண் சுமந்தவளாக இருக்கும். அவளுடைய மறுபாதி எங்கள் ஊர்க்காரர்கள் உடைத்த ஜல்லியில் போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

தச்சர்கள் உளியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கய்யன் என் அம்மாவைப் பார்த்து, "நீயே எழுதிக் குடு" என்றார்.

அம்மா சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு புதுக் கல்லின் முன் உட்கார்ந்தாள். கோலம் போடுகிற விரல்தான். கூடையின் மறுபாதியை எழுதினாள். முகத்தின் மறுபாதி, தோள், கால். கீழே தொங்குகிற மறுகையை எழுதிவிட்டு மறுபடி சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சின்னப் பெண்ணை எழுதினாள். இரட்டைச் சடை, பாவாடை. அது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தச்சர்கள் கோடு பிசகாமல் செதுக்கினார்கள்.

கல் உள்ளே இறங்கும்போது எல்லோரும் ஒருமுறை தொட்டோம். அது உட்கார்ந்ததும் இரண்டு பாதியும் சேர்ந்து உள்ளே மறைந்துவிட்டன.

இப்போது அங்கே பூங்கா வந்துவிட்டது. பழமையான அணை என்று பலகை நட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், எவ்வளவு அழகான கல் என்கிறார்கள். வெளியே இருப்பதைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே மறைந்த அந்த முகத்தைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். இன்னொரு முறை அதைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது அந்த அணையைப் பிரிக்க வேண்டும். பார்க்காமலே போகிறேன். அது மூடியே இருக்கட்டும்.